இடைக்கால ஐரோப்பியக் காதைகளில் அரசவைக் காதல்

ஆதர் மன்னனின் தேவியாகிய கினிவியர் பகைவன் ஒருவனாற் கவர்ந்து செல்லப்பட்டாள். அவளை மீட்கப் புறப்பட்ட வீரன் ஒருவன் குதிரையை இழந்து, பாரமான கவசத்தோடு கால்நடையாய்ச் செல்கின்றான். வழியில் வண்டியோட்டிச் செல்லும் குள்ளன் ஒருவனைக் கண்டு, அரசியைப் பற்றி வினவுகின்றான். வண்டியில் ஏறினால் நாளைக்குள் அறிந்துகொள்ளலாம் என்பது குள்ளனின் விடை. அதுவோ சாதாரண வண்டியன்று. கொலைஞரையும் கள்வரையும் ஏற்றி ஊர்த் தெருக்களிற் கொண்டுசென்று இழிவுபடுத்துவதற்கென்றே அமைந்தது. அதில் ஒருமுறை ஏறியவன் என்றென்றும் மானமிழந்தவனாவான். ஏறுக என்கின்றது காதல்; ஏறற்க என்கின்றது அறிவு. இரண்டடி எடுத்துவைக்கும் நேரம் தயங்கிய வீரன், பின்னர் ஏறிவிடுகின்றான்.

அதன்பின் அவன் படும் இன்னல்கள் பல. வாளின் அலகே பாலமாய்க் கிடக்க, அதனை வெறுங்கையாலும் வெறுங்காலாலும் பற்றித் தவழ்ந்து கடக்கின்றான். குருதி சொரியும் உடம்போடு பகைவனை எதிர்த்துப் பொருகின்றான். அரசி விடுதலை பெறுகின்றாள். ஆயினும் தன்னை மீட்டவனுக்கு முகங்கொடுத்து ஒரு சொல்லுஞ் சொல்லாது அவள் திரும்பிவிடுகின்றாள். காரணம் பின்னரே வெளிப்படுகின்றது. வண்டியில் ஏறுமுன் அவன் இரண்டடி தயங்கினான் அன்றோ? அதுவே அவன் செய்த குற்றம்.

இக்காதையை இயற்றியவர் கிரெத்தியன் த துருவா என்னும் பிரெஞ்சுப் புலவர். காலம் ஏறத்தாழ 1180. வீரன் பெயர் லான்சலொற். இன்று இதனைப் படிப்போர்க்கு அரசியின் கோபம் நகைப்பையோ வெறுப்பையோ விளைத்தல் கூடும். ஆனால் அக்காலத்து அவையினர் இதனைக் கூர்ந்து கேட்டனர், கேட்டு விவாதித்தனர். மானத்தினுங் காதல் பெரிது என்னும் இக்கொள்கை எங்ஙனம் தோன்றியது? உண்மை வாழ்க்கைக்கும் அதற்கும் இருந்த தொடர்பு யாது? இவ்விரு வினாக்களையும் நாம் ஈண்டு ஆராய்வோம்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். 'அரசவைக் காதல்' என்று நாம் தமிழிற் குறிக்கும் தொடர், ஒரு கலைச்சொல்லாக 19ஆம் நூற்றாண்டிலேதான் நிலைபெற்றது. 1883இல் கஸ்தோன் பாரி என்னும் பிரெஞ்சு அறிஞர், மேலே கூறிய லான்சலொற் காதையை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் இதனை ஆண்டார். இடைக்காலப் புலவர் தாம் பெரிதும் வழங்கிய பெயர் 'ஃபின் அமோர்' என்பது. புடமிட்ட பொன்போல் மாசு நீங்கிய காதல் என்பது அதன் கருத்து. நம் அகத்திணை கூறும் களவொழுக்கத்தோடு இதனை ஒன்றாக எண்ணிவிடலாகாது. களவு கற்பை நோக்கிச் செல்வது. ஈண்டுக் கூறப்படும் காதலோ பெரும்பாலும் பிறன் மனைவியாகிய உயர்குலத் தலைவியை நோக்கியது; மணத்தை முடிவாகக் கொள்ளாதது.

இக்காதல் முதன்முதல் ஒலித்தது கதையில் அன்று, பாட்டில். இன்றைய பிரான்சின் தென்பகுதியில், ஒக்சித்தான் என்னும் மொழியில், துருபதூர் எனப்பட்ட பாணர் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாடத் தொடங்கினர். பாடல்கள் கிடைத்துள்ளவருள் முதல்வர் பாணரல்லர், ஒரு பெருநில மன்னர். அவர் 1071இற் பிறந்த அக்கித்தேன் கோமகன் ஒன்பதாம் வில்லியம். அவரைத் தொடர்ந்து மன்னரும் மாற்றாரும், அரண்மனை ஊழியர் மக்களும் பாடினர். பெயர் தெரிந்த புலவர் ஏறத்தாழ 450 பேர். எஞ்சியுள்ள பாடல்கள் ஏறத்தாழ 2,500. அவற்றுட் பத்திலொரு பங்கிற்கே இசையும் எஞ்சியுள்ளது.

இப்பாடல்களின் போக்கு எளிதில் உணரத்தக்கது. தலைவி உயர்ந்தவள், எட்டாதவள். தலைவன் அவள்முன் நடுங்குபவன், பேசவுந் துணியாதவன். அவள் பெயரை அவன் வெளியிடான், புனைபெயராலேயே சுட்டுவான். பொறாமையுடைய கணவனும், கோள் சொல்லும் அயலாரும் அவனுக்குப் பகை. அவள் ஒரு பார்வை நல்கினும் போதும். நல்காது விடினும் அவளுக்காக ஏங்குவதாலேயே அவன் பண்பட்டவனாகின்றான். சோபிரே ருதெல் என்பவர் 'தொலைவிற் காதல்' பற்றிப் பாடியவர். கடல்கடந்த திரிப்பொலி நகரத்துக் கோமகளை அவர் ஒருபோதுங் கண்டவரல்லர் என்றும், யாத்திரிகர் வாய்ச்சொற் கேட்டே காதல் கொண்டார் என்றும், அவளைக் காணக் கப்பலேறி நோயுற்று அவள் மடியில் உயிர்நீத்தார் என்றும் பிற்காலத்தார் கதை கட்டினர். அது வரலாறன்று. ஆயினும் இப்பாடல்களைக் கேட்டோர் அவற்றில் எதனைக் கண்டனர் என்பதை அக்கதை நன்கு காட்டுகின்றது.

இக்காதலின் சொல்லாட்சியில் ஓர் அரிய செய்தி உண்டு. ஒக்சித்தான் புலவர் தம் தலைவியை 'மிதோன்ஸ்' என்று விளித்தனர். அது 'என் ஆண்டவன்' என்னும் பொருள்பட அமைந்த ஆண்பாற் சொல். அக்காலத்து வீரன் தன் தலைவன்முன் முழந்தாளிட்டுத் தன் கூப்பிய கைகளை அவன் கைகளிடையே வைத்து ஊழியம் ஏற்பான். நிலமும் காவலும் கைம்மாறாகப் பெறுவான். அந்நிலமானிய முறைக்குரிய பணிவு, ஊழியம், வாய்மை, கைம்மாறு என்னுஞ் சொற்கள் அத்தனையும் காதலுக்குப் பெயர்ந்தன. ஆணுக்கு ஆண் செலுத்திய விசுவாசம் ஒரு பெண்ணுக்குச் செலுத்தப்படுவதாயிற்று. பாட்டளவில் உலகம் தலைகீழானது.

இம்மாற்றம் அக்காலத்து அக்களத்தில் நிகழ்ந்தமைக்கு அறிஞர் கூறுங் காரணங்கள் பல. ஸ்பெயின் தேசத்து அராபியர் காதற்கலையில் வல்லவர். கொர்தோவாவைச் சேர்ந்த இபின் ஹசம் காதலின் இயல்பு பற்றி 1022ஆம் ஆண்டளவிலேயே ஒரு நூல் இயற்றியிருந்தார். அவர்தம் பாட்டும் இசையும் மலை கடந்து வடக்கே வந்தன என்பர் ஒரு சாரார். ஜோர்ஜ் துபி என்னும் வரலாற்றாசிரியர் அக்காலக் குடும்ப அமைப்பையே நோக்கினார். மூத்த மகனே நிலத்துக்கு உரியவனாக, இளையோர் நிலமும் மனைவியும் இன்றிப் பிறர் கோட்டைகளில் ஊழியம் புரிந்தனர். கோட்டையில் இளைஞர் பலர். உயர்குலப் பெண்டிர் சிலர். அவருள் முதன்மையானவள் தலைவனின் மனைவி. அவ்விளைஞரின் வேட்கையை அடக்கிப் பண்படுத்தித் தலைவன்பாற் பிணிக்க இக்காதற் பாட்டு உதவிற்று என்பது அவர் கருத்து. இவை ஒன்றையொன்று விலக்குவன அல்ல. பாட்டின் வடிவு ஒரு திசையிலிருந்து வந்திருக்கலாம். அதனை விரும்பிக் கேட்கும் செவி மற்றொன்றால் அமைந்திருக்கலாம்.

தெற்கே பாட்டாயிருந்தது வடக்கே கதையாயிற்று. கோமகன் வில்லியத்தின் பேர்த்தி எலியனோர் 1137இல் பிரெஞ்சு மன்னன் ஏழாம் லூயியை மணந்தாள். 1152இல் அம்மணம் நீக்கப்பட, பின்னர் இங்கிலாந்தின் மன்னனாகிய இரண்டாம் ஹென்றியை மணந்தாள். லூயி மன்னனுக்கு அவள் பெற்ற மூத்த மகள் மரி, சம்பாஞ் நாட்டுக் கோமகனுக்கு மனைவியானாள். துருவா நகரம் அந்நாட்டினது. லான்சலொற் காதைக்குரிய கதைப்பொருளையும் அதன் உட்கருத்தையும் மரியே தமக்கு அளித்தாள் என்று கிரெத்தியன் தம் முகவுரையிற் கூறுகின்றார். இன்னுமொன்று நோக்கத்தக்கது. அக்காதையைப் புலவர் தாமே முடிக்கவில்லை. கொதபிரவா என்னும் வேறொருவர் அவர் இசைவோடு முடித்துவைத்தார். கதையின் பொருள் அவருக்கு உவப்பில்லாமையே காரணம் எனக் கருதுவோரும் உளர்.

அவ்வையம் வீண் என்று தள்ளத்தக்கதன்று. கிரெத்தியனின் ஏனைய காதைகளை நோக்குவோர்க்கு இது விளங்கும். 'எரெக்கும் எனிதும்' என்னும் முதற் காதையில் வீரன் தன் மனைவியையே காதலிக்கின்றான். காதல் மிகுந்து போர்த்தொழிலை மறக்கின்றான். ஊரார் பழிகூறக் கேட்டு மனைவி கண்ணீர் வடிக்கின்றாள். 'கிளிசே' காதையின் தலைவி, ஒருவனுக்கு உடலையும் மற்றொருவனுக்கு உள்ளத்தையும் பகிர்ந்த இசொல்தைப் போல் வாழத் தான் ஒருப்படேன் என்கின்றாள். 'இவெயின்' காதையில் மனைவியிடம் ஓராண்டுத் தவணை பெற்றுச் சென்ற வீரன், வீர விளையாட்டுக்களில் மயங்கி நாளை மறந்துவிடுகின்றான். அவள் தன் கணையாழியைத் திருப்பி வாங்கிக்கொள்ள, அவன் பித்தனாகிக் காட்டில் அலைகின்றான். பின்னர்த் துன்புறும் பெண்டிர்க்கு உதவி செய்தே தன்னைத் திருத்திக்கொள்கின்றான். அவன் விடுவித்தோருள், அற்பக் கூலிக்குப் பட்டு நெய்தபடி பசியால் வாடிய முந்நூறு கன்னியரும் உளர். இம்மூன்று காதைகளிலுங் காதலும் மணமும் பகையல்ல. மணவாழ்வினுள்ளே காதலும் கடமையும் எவ்வாறு ஒருங்கு நிலைக்கும் என்பதே புலவரை வருத்திய வினா.

ஆகவே, அரசவைக் காதல் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட ஒரு சட்டம் அன்று. அவ்வாறு மயங்குதற்குப் பெரிதுங் காரணமானது ஒரு நூல். 1180களில் அந்திரேயஸ் என்னும் குருவானவர் காதலைப் பற்றி இலத்தீன் மொழியில் மூன்று பாகமாக எழுதினார். காதலுக்கு 31 விதிகள் அதிற் கூறப்படுகின்றன. கணவன் மனைவியரிடையே உண்மைக் காதல் நிலவ முடியுமா என்னும் வழக்கில், முடியாது என்று சம்பாஞ் கோமகள் 1174இல் தீர்ப்பெழுதினாள் எனவும் அந்நூல் கூறும். இதனைக்கொண்டே, பெருமாட்டிகள் கூடித் தீர்ப்பு வழங்கிய 'காதல் நீதிமன்றங்கள்' உண்மையில் இருந்தன என்று பிற்காலத்தார் எழுதினர். அத்தகைய மன்றம் எதுவும் கூடியதற்கு நூற்புறச் சான்று இல்லை. அன்றியும், முதலிரு பாகங்களிற் கற்பித்த காதலை மூன்றாம் பாகத்தில் அவரே முற்றாகக் கண்டிக்கின்றார். நூல் விளையாட்டோ, எச்சரிக்கையோ என்று அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். 1277இல் பாரிஸ் மேற்றிராணியார் வெளியிட்ட கண்டனத்தில் இந்நூலின் பெயரும் இடம்பெற்றது.

அந்நூலின் ஒரு பகுதியை மறைத்துச் செல்வது நேர்மையன்று. உயர்குலப் பெண்டிரிடத்து எத்துணைப் பணிவோடு பேசவேண்டும் எனப் பக்கம் பக்கமாகக் கற்பிக்கும் ஆசிரியர், குடியானவப் பெண்ணொருத்தி மீது வேட்கை கொண்டால் வலிந்தும் அடையலாம் என்று சில வரிகளிற் கூறி முடிக்கின்றார். முழந்தாளிட்ட பணிவு கோட்டை மதிலுக்கு உள்ளே மட்டும் உரியது. மதிலுக்கு வெளியே அது செல்லாக்காசு. விளையாட்டாயினும் மெய்யாயினும் இவ்வரிகள் அக்காலத்து ஏற்றத்தாழ்வைக் காட்டுங் கண்ணாடி ஆகும்.

கோட்டைக்குள்ளேனும் பாட்டின்படி வாழ்வு நடந்ததோ எனின், நடக்கவில்லை. கிரெத்தியன் தம் இறுதிக் காதையாகிய 'பெர்சவால்' என்பதைப் பிளாந்தர்ஸ் நாட்டுக் கோமகன் பிலிப்புக்கு உரிமையாக்கினார். அக்கோமகன் 1175இல், தன் மனைவியோடு கூடா ஒழுக்கங் கொண்டான் என்ற ஐயத்தின்பேரில் வீரன் ஒருவனை அடித்துக் கொல்வித்தான் என்று அக்கால வரலாற்றேடுகள் கூறுகின்றன. 1314இல் பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப்பின் மருமகளிர் இருவர் அத்தகைய குற்றஞ் சாட்டப்பட்டனர். வீரராகிய சகோதரர் இருவர் பொந்துவாஸ் நகரிற் கொடிய சித்திரவதைக்குப்பின் கொல்லப்பட்டனர். இளவரசியர் சிறையிடப்பட்டனர், அவருள் ஒருத்தி மறு ஆண்டிலேயே சிறையில் இறந்தாள். லான்சலொற்றின் கதையை அவைகூடிக் கேட்டு மகிழ்ந்த உலகம், தன் வீட்டில் ஒரு லான்சலொற்றை ஒருநாளும் பொறுத்ததில்லை. உயர்குல மணம் நிலத்தையும் வாரிசையும் பற்றியது. வாரிசின் பிறப்பில் ஐயம் எழுமாயின் நாடே இரண்டுபடும்.

அவ்வாறாயின் இக்காதைகள் வெறுங் கனவோ? கனவுக்கும் பயன் உண்டு. அதே 12ஆம் நூற்றாண்டிலேதான், பெற்றோர் வற்புறுத்தலன்று, மணமக்கள் இருவரின் உடன்பாடே மணத்தை ஆக்குவது என்னுங் கொள்கையைத் திருச்சபைச் சட்டவறிஞர் வகுத்தனர். 1159 முதல் 1181 வரை பாப்பரசராயிருந்த மூன்றாம் அலெக்சாந்தர் தம் தீர்ப்புக்களால் அதனை நிலைநாட்டினார். சட்டவறிஞர் புலவரைப் பின்பற்றினர் என்று நாம் கூறவில்லை. ஆயினும், பெண்ணின் இசைவு இன்றியமையாதது என்னும் எண்ணம் சட்டத்திலும் பாட்டிலும் ஒரே காலத்தில் எழுந்தமை நினைக்கத்தக்கது. கொடுக்கப்படுவது கடமை, விரும்பி அளிக்கப்படுவதே அன்பு. அவ்வேறுபாட்டைப் பேசுதற்கு ஒரு மொழி வேண்டியிருந்தது. அம்மொழியை இக்காதைகள் வழங்கின.

பெண்டிரும் வாளா இருந்தாரல்லர். துருபதூர் புலவருட் பெண்பாலார் ஏறத்தாழ இருபதின்மர். அவருள் தியா நாட்டுக் கோமகள் தன்னைக் கைவிட்ட வீரனை நேர்நின்று கேட்கும் பாடல் இசையோடு கிடைத்துள்ளது. பெண்புலவர் பாடலுள் இசையோடு எஞ்சியது அஃதொன்றே. ஆண் பாடிய பாட்டில் ஊமையாய் நின்ற தலைவி ஈண்டு வாய்திறக்கின்றாள். மரி த பிரான்ஸ் என்னும் புலவரின் சிறுகாதைகளில், முதிய கணவராற் கோபுரங்களில் அடைபட்ட இளம்பெண்டிரின் துயர் பேசப்படுகின்றது. கிறிஸ்தின் த பிசான் என்பவர் 1401இல் தொடங்கிய விவாதத்தில், பெரும்புகழ் பெற்ற 'உரோசாக் காதை'யின் பெண்பழிப்பைத் துணிந்து கண்டித்தார். கைம்பெண்ணாகித் தம் எழுத்தால் குடும்பத்தைப் புரந்தவர் அவர். அவர் எழுதிய காதல் நூலொன்றில், மூத்த பெருமாட்டி ஒருத்தி இளையவளுக்குக் கடிதம் வரைகின்றாள்: இக்காதலால் ஆணுக்குப் புகழ் கிடைத்தாலும் கிடைக்கலாம், பெண்ணுக்கு எஞ்சுவது அவப்பெயரே என்பது அதன் சாரம். அரசவைக் காதலைப் பற்றி அக்காலத்து எழுந்த தெளிந்த திறனாய்வு இதுவே எனலாம்.

பிற்காலப் பெரும்புலவரும் இக்கொள்கையை அப்படியே ஏற்றாரல்லர், உரைத்துப் பார்த்தனர். 13ஆம் நூற்றாண்டின் உரைநடைக் காதைகளில், அரசியின்பாற் கொண்ட காதலால் உலகத்து முதல்வீரனான லான்சலொற், அக்காதலாலேயே திருக்கிண்ணத்தைக் காணுந் தகுதியை இழக்கின்றான். தாந்தே தம் நரகக் காண்டத்தில் இருவரைக் காட்டுகின்றார். அவர்கள் லான்சலொற்றின் கதையை ஒருங்கிருந்து படித்து, அப்படிப்பினாலேயே வழுவினோர். அவர்தம் துயர் கேட்டுப் புலவர் இரக்கத்தால் மூர்ச்சித்து வீழ்கின்றார். ஆயினும் அவர்களை நரகத்திலிருந்து எடுத்துவிடவில்லை. சோசரின் நிலக்கிழார் கூறுங் கதையில், கணவன் மனைவியர் ஒருவரையொருவர் அடக்கியாளாது வாழ உறுதிபூணுகின்றனர். 1469-70இல் சிறையிலிருந்தவாறு மலோரி முடித்து, 1485இல் கக்ஸ்ரன் அச்சிட்ட ஆங்கில உரைநடைக் காதையிலோ, எரியூட்டப்படவிருந்த அரசியை மீட்கும் ஆவேசத்தில், படைக்கலமின்றி நின்ற தன் நண்பன் கரெத்தையே லான்சலொற் அறியாது வெட்டி வீழ்த்துகின்றான். அவ்வொரு வெட்டோடு வட்டமேசை உடைகின்றது. ஆதரின் அரசு அழிகின்றது.

சோசரையும் மலோரியையும் பாடநூலாகக் கற்கும் இளைய மாணவர்க்கு நாம் கூறவிழைவது இதுவே. இலக்கியத்திற் கண்ட ஒழுக்கத்தை அக்காலத்து மாந்தரின் நடைமுறையென எழுதிவிடாதீர்கள். பொய்யெனத் தள்ளியும் விடாதீர்கள். அரசவைக் காதல் என்பது ஒரு விடையன்று, வினா. ஒருவர்மாட்டுக் கொண்ட அன்பின் பொருட்டு எதனை இழக்கலாம், எதனை இழக்கலாகாது என்னும் அவ்வினாவை ஒவ்வொரு புலவரும் தத்தம் அறிவுக்கேற்ப எடுத்தாண்டனர்.

மீண்டும் அவ்வண்டியருகே சென்று நிற்போம். லான்சலொற்றின் தோழன் கவெயினும் அங்கு வருகின்றான். குள்ளன் அவனையும் ஏறுமாறு அழைக்கின்றான். குதிரையை விட்டு வண்டியேறுவது மடமை என்று கூறிக் கவெயின் மறுத்து, குதிரைமீதே பின்தொடர்கின்றான். அவன் மானம் மாசுபடவில்லை. ஆனால் அரசியை மீட்டவனும் அவனல்லன். தயங்கியவனைக் கதை வருத்துகின்றது. ஏற மறுத்தவனை வாளா விட்டுவிடுகின்றது. அவ்விரண்டடித் தயக்கம் குற்றமோ, அன்றி மனிதனுக்கு இயல்பாய அறிவின் குரலோ? புலவர் தீர்ப்புக் கூறாது சென்றார். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வழக்கு முடிவுறாது நிற்றலே அக்காதையின் பெருமை என்க.